லினக்ஸ்ல லேப்டாப் கீபோர்டு தப்பு தப்பா அடிக்குதா? கோளாறு எந்தக் கையில இருக்குன்னு முதல்ல பாருங்க

கேள்வி: லேப்டாப் கீபோர்டுல சில கீ போயிடுச்சுன்னு போன மாசம் புதுசா மாத்தினேன், உபுண்டு போட்டிருக்கேன். மாத்தினதுல இருந்து ஸ்லாஷும் கேள்விக்குறியும் இருக்கிற கீயை அழுத்தினா எதுவுமே வர்றதில்ல. அதோட ஷிஃப்ட் பிடிச்சு 2 அழுத்தினா @ வராம டபுள் கோட்ஸ் வருது, இது முன்னாடியே இருந்துச்சு, எனக்கே பழகிப் போச்சு. எக்ஸ்மாட்மேப்னு ஒரு கமாண்ட் போட்டு ஸ்லாஷை வர வச்சேன், ஆனா லேப்டாப் தூங்கி எழுந்தா அது போயிடுது, இப்போ வெர்ஷன் அப்கிரேட் பண்ணதுக்கு அப்புறம் அந்த கமாண்டே வேலை செய்யல. கீபோர்டை திருப்பிக் கொடுத்துடலாமா?

இப்போதைக்கு திருப்பிக் கொடுக்காதீங்க. உங்ககிட்ட ஒரு சின்ன டெஸ்ட் பண்ணச் சொல்லி ரிசல்ட் வாங்கினேன் இல்லையா, அதைப் பார்த்ததும் விஷயம் தெளிவாயிடுச்சு: கீ நல்லாத்தான் இருக்கு, அது தன்னை வேற பேர் சொல்லி அறிமுகப்படுத்திக்குது, அவ்வளவுதான். @ பிரச்சனை இதுக்கு சம்பந்தமே இல்லாத வேற ஒரு கோளாறு. ரெண்டையும் ஒரே கமாண்டால சரி பண்ணப் பார்த்ததுலதான் இவ்வளவு அலைச்சல்.

நீங்க ஒரு கீயை அழுத்துறதுக்கும் ஸ்கிரீன்ல எழுத்து வர்றதுக்கும் நடுவுல நாலு கை மாறுது. முதல் கை லேப்டாப் மதர்போர்டுல இருக்கிற ஒரு குட்டி கன்ட்ரோலர் சிப், அது எந்த இடத்துல இருக்கிற கீ அமுங்குச்சுன்னு பார்த்து ஒரு நம்பரை அனுப்பும், அதுக்குப் பேர் ஸ்கேன் கோடு. ரெண்டாவது கை லினக்ஸ் கெர்னல், அது அந்த ஸ்கேன் கோடை வாங்கி தன்னோட பட்டியல்ல பார்த்து 'இது ஸ்லாஷ் கீ', 'இது கேப்ஸ் லாக் கீ'ன்னு ஒரு பேர் வைக்கும், அது கீ கோடு. மூணாவது கை எக்ஸ்கேபி, அதாவது நீங்க செட்டிங்ஸ்ல 'இங்கிலீஷ் யூஎஸ்', 'இங்கிலீஷ் யூகே'ன்னு தேர்ந்தெடுக்கிறீங்களே அந்த லேஅவுட், எந்தக் கீக்கு எந்த எழுத்துன்னு முடிவு பண்றது இதுதான். நாலாவது கை க்னோம், கேடிஇ மாதிரி டெஸ்க்டாப், அது சில கீயை ஷார்ட்கட்டுன்னு சொல்லி நடுவுலயே பிடிச்சு வச்சுக்கும். எந்தக் கையில தப்பு நடந்துச்சோ அங்கதான் சரி பண்ணணும், கீழ நடந்த தப்பை மேல உட்கார்ந்து ஒட்டுப் போட்டா அடுத்த அப்டேட்லயோ அடுத்த சஸ்பெண்ட்லயோ அது பிச்சுக்கும், உங்களுக்கு நடந்தது அதேதான்.

எந்தக் கைன்னு கண்டுபிடிக்க, கீயை அழுத்தும்போது கெர்னலுக்கு என்ன வருதுன்னு காட்டுற ஈவிடெஸ்ட்ங்கிற குட்டி டூல் எனக்கு போதும், வேற எதையும் நான் முதல்ல தொடறதில்ல. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாத்துலயும் அதே பேர்ல பேக்கேஜா கிடைக்கும். டெர்மினல்ல சூடோவோட ஓட்டினா மெஷின்ல இருக்கிற இன்புட் டிவைஸ் எல்லாத்தையும் நம்பர் போட்டு காட்டும், பவர் பட்டன், டச்பேட், வெப்கேம்னு நிறைய வரும், அதுல 'ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு'ன்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலான லேப்டாப்ல உள்ளயே இருக்கிற கீபோர்டு அதுதான். அந்த நம்பரைக் கொடுத்துட்டு கோளாறான கீயை ஒரே ஒரு தடவை அழுத்தி விடுங்க. ஒண்ணு சொல்லிடறேன், இது ஓடுற நேரத்துல நீங்க அடிக்கிற எல்லாமே அப்படியே ஸ்கிரீன்ல பதிவாகும், அதனால அது திறந்திருக்கும்போது எங்கயும் பாஸ்வேர்டு அடிக்காதீங்க, அந்த அவுட்புட்டை யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி தேவையான நாலு வரியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புங்க.

ஒரு அழுத்தலுக்கு முக்கியமா ரெண்டு வரி வரும். முதல் வரியில எம்எஸ்சி ஸ்கேன்னு போட்டு ஒரு வேல்யூ, அது முதல் கை கொடுத்த ஸ்கேன் கோடு. அடுத்த வரியில கீ கோடோட நம்பரும் பேரும், கடைசியில 1ன்னு இருந்தா அழுத்தினது, 0ன்னா விட்டது, பிடிச்சுக்கிட்டே இருந்தா 2 வந்துக்கிட்டே இருக்கும். சாதாரண கீபோர்டுல ஸ்லாஷை அழுத்தினா ஸ்கேன் 35, கீ கோடு 53, பேர் கீ ஸ்லாஷ். நீங்க அனுப்பினதுல என்ன இருக்கு? ஸ்கேன் 73, கீ கோடு 89, பேர் கீ ஆர்ஓ. ஆர்ஓங்கிறது ஜப்பான் கீபோர்டுல வலது ஷிஃப்டுக்கு இடது பக்கத்துல இருக்கிற ஒரு கூடுதல் கீயோட பேர், பிரேசில் கீபோர்டுல ஸ்லாஷ் இருக்கிறதும் இதே 73லதான். உங்க புது கீபோர்டோட அந்தக் கீ இந்த 73ஐ அனுப்புது. கெர்னல் அதை ஒழுங்கா ஆர்ஓன்னு எடுத்துக்குது, மேல போனா யூஎஸ் லேஅவுட்லயும் சரி யூகே லேஅவுட்லயும் சரி ஆர்ஓக்கு ஒரு எழுத்தும் ஒதுக்கல, அதனால ஒண்ணுமே அடிக்கல. பார்க்கிறவங்களுக்கு கீ செத்த மாதிரி தெரியும், ஆனா 1, 0 ரெண்டும் சுத்தமா வருது பாருங்க, அழுத்தினதும் விட்டதும் ஒழுங்கா பதிவாகுது, ஹார்டுவேர்ல குறை இல்ல.

நீங்க கேட்ட இன்னொண்ணு, எக்ஸ்மாட்மேப்ல 97ன்னு போட்டீங்க, ஈவிடெஸ்ட் 89ன்னு காட்டுது, எது சரி? ரெண்டும் சரி. எக்ஸ் சர்வர்னா ஸ்கிரீன்ல விண்டோவைக் காட்டி கீபோர்டை வாங்கிக்கிற பழைய சாஃப்ட்வேர், அதோட நெறிமுறையில கீ கோடு 8ல இருந்துதான் ஆரம்பிக்கணும், 255ஓட முடியணும், அதனால கெர்னல் கொடுக்கிற நம்பரோட 8 கூட்டிக்குவாங்க, 89ம் 8ம் 97. இந்தக் கணக்கு தெரியாம நம்பரை மாத்திப் போட்டு திண்டாடுறவங்க நிறைய பேர். சில லேப்டாப்ல மைக் மியூட் கீ மட்டும் எக்ஸ்ல வேலை செய்யாம போனதுக்கும் காரணம் இதே கூட்டல்தான், அதோட கெர்னல் நம்பர் 248, 8 கூட்டினா 256, எல்லையைத் தாண்டிடுது. அதை எஃப்20ன்னு பேர் மாத்தி அனுப்பித்தான் சமாளிச்சாங்க.

எக்ஸ்மாட்மேப் ஏன் நிலைக்கலன்னா அது மூணாவது கையில, அதுவும் எக்ஸ் சர்வரோட நினைவுல மட்டும் ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரி. லேப்டாப் தூங்கி எழுந்ததும் கீபோர்டு புதுசா சேர்க்கப்படலாம், லேஅவுட் திரும்ப ஏத்தப்படலாம், அப்போ ஸ்டிக்கர் போயிடும். இப்போ வர்ற டெஸ்க்டாப்புகள் எக்ஸுக்குப் பதிலா வந்த வேலண்டுக்கு மாறிடுச்சு, உபுண்டுல 21.04ல இருந்து வேலண்ட்தான் டீஃபால்ட், கேடிஇ பிளாஸ்மா 2024ல வந்த 6வது வெர்ஷன்ல மாறுச்சு. வேலண்ட்ல எக்ஸ்மாட்மேப்புக்கு டெஸ்க்டாப் மேல எந்த அதிகாரமும் இல்ல, எக்ஸ் தேவைப்படுற பழைய அப்ளிகேஷன் ஓடுற கூண்டுக்குள்ள வேணும்னா கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால ஹோம் ஃபோல்டர்ல டாட் போட்டு ஆரம்பிக்கிற அந்த எக்ஸ்மாட்மேப் ஃபைலையும், ஸ்டார்ட்டப்ல நீங்க சேர்த்து வச்ச கமாண்டையும் முதல்ல எடுத்துடுங்க, ரெண்டு வைத்தியம் ஒரே நேரத்துல நடந்தா எது வேலை செய்யுதுன்னே தெரியாது.

இப்போ ஸ்லாஷுக்கு வருவோம். தப்பு முதல் கைக்கும் ரெண்டாவது கைக்கும் நடுவுல, அதனால '73 வந்தா அதுக்குப் பேர் ஸ்லாஷ்'னு கெர்னல் கிட்ட சொல்லிட்டா போதும், அதுக்கு மேல இருக்கிற எவனுக்கும் இப்படி ஒரு பிரச்சனை இருந்ததே தெரியாது, எக்ஸோ வேலண்டோ கருப்பு கன்சோலோ எல்லா இடத்துலயும் ஸ்லாஷ் வரும். இதைச் சொல்ற இடம், மெஷின்ல சேர்ற டிவைஸ்களைப் பார்த்துக்கிற யூடெவ் ஓட ஹெச்டபிள்யூடிபி, ஹார்டுவேர் டேட்டாபேஸ்னு அர்த்தம். ஈடிசி ஃபோல்டருக்குள்ள யூடெவ், அதுக்குள்ள 'ஹெச்டபிள்யூடிபி டாட் டி'ன்னு ஒரு ஃபோல்டர், இல்லேன்னா நீங்களே உருவாக்குங்க, அதுல 90ல ஆரம்பிக்கிற பேர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல், பேரோட கடைசி கண்டிப்பா டாட் ஹெச்டபிள்யூடிபின்னு முடியணும். உள்ள ரெண்டே வரி. ஃபோன்ல சொல்ற மாதிரி சொல்றேன், எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

முதல் வரி எந்த கீபோர்டுங்கிற அடையாளம்: ஈவிடெவ், கோலன், ஏடிகேபிடி, கோலன், டிஎம்ஐ, கோலன், ஒரு ஸ்டார். எல்லாம் ஸ்மால் லெட்டர், நடுவுல ஸ்பேஸ் கிடையாது, வரி முதல் எழுத்துலயே ஆரம்பிக்கணும். ரெண்டாவது வரி: முதல்ல ஒரே ஒரு ஸ்பேஸ், அப்புறம் கேபிட்டல்ல கீபோர்டு, அண்டர்ஸ்கோர், கீ, அண்டர்ஸ்கோர், 73, ஈக்வல், அப்புறம் ஸ்மால் லெட்டர்ல ஸ்லாஷ்னு அந்த வார்த்தை. அந்த ஆரம்ப ஸ்பேஸை சாதாரணமா நினைக்காதீங்க, அது இல்லேன்னா அந்த வரியை சிஸ்டம் இன்னொரு கீபோர்டோட அடையாள வரின்னு எடுத்துக்கும், உங்க மேப்பிங் எங்கயும் போய்ச் சேராது. எடிட்டர்ல காப்பி பேஸ்ட் பண்ணும்போது அது எப்படியோ காணாம போயிடும், நான் இதுல ஒரு சாயங்காலம் முழுக்க விட்டிருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சேவ் பண்ணிட்டு ரெண்டு கமாண்ட், ரெண்டும் சூடோவோட: சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், அப்புறம் யூடெவ்ஏடிஎம் டிரிகர். ரீபூட் கூட வேண்டாம். திரும்ப ஈவிடெஸ்ட் ஓட்டிப் பாருங்க, ஸ்கேன் அதே 73தான் இருக்கும், அது கன்ட்ரோலர் கொடுக்கிறது, மாறாது, ஆனா அடுத்த வரி 53, கீ ஸ்லாஷ்னு மாறியிருக்கணும். மாறலேன்னா ஸ்பேஸ், ஃபைல் பேரோட கடைசி, ஸ்மால் லெட்டர் கேபிட்டல் லெட்டர் இந்த மூணையும் பாருங்க, பெரும்பாலும் அதுல ஒண்ணுதான். பின்னாடி ஒரு நாள் இது வேண்டாம்னா ஃபைலை அழிச்சுட்டு அப்டேட் கமாண்டை ஓட்டுங்க, ஆனா அப்போ ஒரு ரீபூட் பண்ணணும், ஏன்னா ஏற்கனவே கெர்னலுக்குச் சொன்ன மேப்பிங்கை டிரிகர் திரும்ப எடுக்காது. யூஎஸ்பி கீபோர்டுக்கு அடையாள வரி வேற மாதிரி இருக்கும், ஸ்கேன் கோடும் 7ல ஆரம்பிக்கிற அஞ்சு இலக்க நம்பரா வரும், அதனால இந்த ஃபைல் வெளியில மாட்டுற கீபோர்டை தொந்தரவு பண்ணாது.

அடுத்தது @. ஷிஃப்டும் 2ம் அழுத்தும்போது ஈவிடெஸ்ட்ல கீ 2ன்னு சரியா வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ கீழ ரெண்டு கையும் சுத்தம், தப்பு மூணாவது கையில. @ இடத்துல டபுள் கோட்ஸ், டபுள் கோட்ஸ் இடத்துல @, ஷிஃப்ட் 3க்கு பவுண்டு குறி, இந்த மூணும் சேர்ந்து வந்தா அது யூகே லேஅவுட், வேற யோசிக்கவே வேண்டாம். இன்ஸ்டால் பண்ணும்போது லிஸ்ட்ல எந்த இங்கிலீஷ்னு பார்க்காம கிளிக் பண்ணா இப்படி ஆகலாம். (இசட்டும் ஒய்யும் இடம் மாறினா ஜெர்மன், ஏவும் க்யூவும் மாறினா பிரெஞ்சு.) செட்டிங்ஸ்ல கீபோர்டு போய் இன்புட் சோர்ஸஸ்ல இங்கிலீஷ் யூஎஸ்ஸை சேர்த்து, யூகேவை எடுத்துடுங்க, அரை நிமிஷ வேலை.

ஆனா அதைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்த பதில்லயே முக்கியமான இடம் இதுதான். உங்க லாகின் பாஸ்வேர்டுலயோ டிஸ்க் என்கிரிப்ஷன் பாஸ்வேர்டுலயோ @ இருக்கா? இருந்தா, அதை நீங்க செட் பண்ண அன்னைக்கும் லேஅவுட் யூகேவாத்தான் இருந்திருக்கும், நீங்க @ன்னு நினைச்சு ஷிஃப்ட் 2 அழுத்தியிருப்பீங்க, ஸ்கிரீன்ல புள்ளி மட்டும் தெரிஞ்சதால உள்ள போய் உட்கார்ந்தது டபுள் கோட்ஸ்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இத்தனை நாளும் அதே தப்பு அதே மாதிரி நடந்ததால பாஸ்வேர்டு ஒத்துப் போச்சு. இப்போ லேஅவுட்டை யூஎஸ்னு மாத்தினா ஷிஃப்ட் 2க்கு நிஜமான @ போகும், பாஸ்வேர்டு தப்புன்னு வரும், டிஸ்க் என்கிரிப்ட் பண்ணியிருந்தா, கீழ சொல்ற சிஸ்டம் ஃபைலையும் மாத்தினதும் பூட் ஆகுற இடத்துலயே நின்னுடுவீங்க. அதனால முதல் வேலையா, எதையும் மாத்தாம இருக்கும்போதே, ரெண்டு பாஸ்வேர்டையும் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் மட்டும் இருக்கிற மாதிரி தற்காலிகமா மாத்திடுங்க, நீளமா வைங்க. எல்லாம் சரியானதுக்கு அப்புறம் திரும்ப பிடிச்ச மாதிரி வச்சுக்கலாம். ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க பதறாம @க்கு பதிலா டபுள் கோட்ஸ் கீயை அழுத்திப் பாருங்க, யூஎஸ்ல அது சிங்கிள் கோட் கீயோட ஷிஃப்ட், திறந்துடும்.

செட்டிங்ஸ்ல மாத்தினது உங்க டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான் போய்ச் சேரும்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. லாகின் ஸ்கிரீன், கன்சோல், டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கிற இடம் எல்லாம் சிஸ்டம் அளவுல இருக்கிற வேற ஃபைலைப் பார்க்குது. உபுண்டு, டெபியன்ல அது ஈடிசிக்குள்ள டீஃபால்ட், அதுக்குள்ள கீபோர்டுங்கிற ஃபைல், அதுல எக்ஸ்கேபிலேஅவுட்ங்கிற வரியில ஜிபின்னு இருந்தா யூகே, அதை யூஎஸ்னு மாத்துங்க. டிஸ்க் என்கிரிப்ஷன் இருக்கிறவங்க அதுக்கப்புறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கமாண்டை ஹைஃபன் யூவோட ஓட்டணும், ஏன்னா பூட் ஆரம்பத்துல கீபோர்டு லேஅவுட் அந்தக் கமாண்ட் உருவாக்குற குட்டி பூட் இமேஜுக்குள்ள இருந்துதான் எடுக்கப்படுது, ஃபைலை மாத்தினா மட்டும் அங்க மாறாது. ஃபெடோரா, ஆர்ச் ஆளுங்களுக்கு லோக்கேல்சிடிஎல்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஸ்டேட்டஸ் கேட்டா கன்சோலுக்கு என்ன, டெஸ்க்டாப்புக்கு என்னன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டும்.

இதே மாதிரி வேற கோளாறோட இதைப் படிக்கிறவங்களுக்கும் சிலதைச் சொல்லிடறேன். வலது பக்கம் யூ, ஐ, ஓ அடிச்சா 4, 5, 6 வருதுன்னா அது மேப்பிங் பிரச்சனையே இல்ல, தனி நம்பர் பேட் இல்லாத லேப்டாப்ல நம் லாக் ஆன் ஆயிருக்கு, எஃப்என்னோட நம் லாக் கீயை அழுத்துங்க. எஃப்1ல இருந்து எஃப்12 வரைக்கும் அழுத்தினா வால்யூமும் பிரைட்னெஸ்ஸும்தான் மாறுதுன்னா எஃப்என் லாக், நிறைய மாடல்ல எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினா மாறும், இல்லேன்னா பயாஸ் செட்டிங்ல இருக்கும். எஃப்என் கீயையே வேற கீயா மாத்தணும்னு கேட்கிறவங்களுக்கு: பெரும்பாலான லேப்டாப்ல அது கன்ட்ரோலருக்குள்ளயே முடிஞ்சு போற விஷயம், கெர்னலுக்கு அது வர்றதே இல்ல, வராததை மாத்த முடியாது. ஒரு ஸ்பெஷல் கீ ஈவிடெஸ்ட்ல ஒழுங்கா பேர் காட்டலேன்னா கெர்னலோட செய்திகளைக் காட்டுற டிஎம்இஎஸ்ஜி கமாண்டோட கடைசி வரிகளைப் பாருங்க, 'தெரியாத கீ அழுத்தப்பட்டது'ன்னு கெர்னலே இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கும், அதுல கோடுன்னு 96 மாதிரி ஒரு நம்பரும், செட்கீகோட்ஸ் கமாண்டுக்குன்னு ஈ016 மாதிரி இன்னொரு நம்பரும் இருக்கும், ஹெச்டபிள்யூடிபி ஃபைலுக்கு வேண்டியது முதல்ல இருக்கிற 96தான். பிரைட்னெஸ் கீயை ஒரு தடவை அழுத்தினா நிக்காம ஏறிக்கிட்டே போகுதுன்னா கீயை விட்ட செய்தியை கன்ட்ரோலர் அனுப்பலன்னு அர்த்தம், ஃபைல்ல ஈக்வலுக்கு அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி போட்டு கீ பேரை எழுதினா கெர்னலே விட்டதா கணக்கு வச்சுக்கும்.

புது லேப்டாப்ல வலது கன்ட்ரோல் இடத்துல கோபைலட் கீ வருதே, மைக்ரோசாஃப்ட் 2024 ஜனவரில அறிவிச்சது, அதை மட்டும் ஹெச்டபிள்யூடிபியால முழுசா மாத்த முடியாது. ஒரே கீதான், ஆனா அழுத்தினா விண்டோஸ் கீ, இடது ஷிஃப்ட், எஃப்23 மூணும் சேர்ந்து அழுத்தின மாதிரி அனுப்புது. இப்படி கூட்டா வர்றதை மாத்தவும், கேப்ஸ் லாக்கை தட்டினா எஸ்கேப், பிடிச்சா கன்ட்ரோல்னு வைக்கவும் கீடி நல்ல டூல், அதுவும் டெஸ்க்டாப்புக்குக் கீழேயே வேலை செய்யுறதால எக்ஸ், வேலண்ட் ரெண்டுலயும் ஓடும். கான்ஃபிக் தப்பா எழுதி கீபோர்டே அடிக்க முடியாம போனா பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூணையும் ஒண்ணா அழுத்துங்க, கீடி நின்னுடும், இதை கான்ஃபிக் எழுதறதுக்கு முன்னாடியே மனப்பாடம் பண்ணிக்கோங்க. கீடி ஓடும்போது ஈவிடெஸ்ட்ல அந்த கீபோர்டுக்கு ஒண்ணும் வராது, அது கீபோர்டை தன் கையில பிடிச்சு வச்சிருக்கும், டெஸ்ட் பண்ண வேண்டியிருந்தா கீடி சர்வீஸை நிறுத்திட்டு பாருங்க. வெறும் ஒரு கீயை இன்னொண்ணா மாத்த இதெல்லாம் தேவையில்ல, உங்க ஸ்லாஷுக்கு அந்த ரெண்டு வரி ஃபைலே போதும்.

கீபோர்டை திருப்பிக் கொடுக்கிறது எப்போன்னா, ஒரு கீயை அழுத்தினா ரெண்டு மூணு ஸ்கேன் கோடு கலந்து வந்தாலோ, அழுத்தினாலும் ஈவிடெஸ்ட்லயும் டிஎம்இஎஸ்ஜிலயும் ஒரு வரி கூட வராம இருந்தாலோ, பல கீ ஒரே நேரத்துல ஒண்ணா செத்தாலோ, பயாஸ் ஸ்கிரீன்லயே கீ தப்பா நடந்துக்கிட்டாலோதான். அது ரிப்பன் கேபிள் சரியா உட்காராததா இருக்கலாம், உள்ள இருக்கிற ஷீட்ல கோடு அறுந்திருக்கலாம், எந்த ஃபைலும் அதைச் சரி பண்ணாது. அப்போ மாத்திக் கொடுத்தவங்க கிட்ட 'கீ வேலை செய்யல'ன்னு வாயால சொல்லாம அந்த ஈவிடெஸ்ட் அவுட்புட்டையே காட்டுங்க, லினக்ஸ் போட்டதாலதான்னு சொல்லி அவங்களால தட்டிக் கழிக்க முடியாது.